தோட்டக்கலை படிக்க விரும்பும் தொழிற்சாலை ஊழியருக்கு

வாசகியின் கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 37. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்கிறார். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துச் சில ஆண்டுகள் கடை வேலை பார்த்தபின், பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து 15 ஆண்டுகளாக உழைத்து, இன்று லைன் லீடராக 2,300 வெள்ளி சம்பளம் வாங்குகிறார். நிறுவனம் ஆள்குறைப்பின் முதற்கட்டமாக விருப்ப விலகல் திட்டத்தை அறிவித்து, ஓராண்டுச் சேவைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் 34,500 வெள்ளி தர முன்வந்திருக்கிறது. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். வீட்டு முன்புறத்தில் கறிவேப்பிலை, மல்லிகை, வெற்றிலை, தொட்டி எலுமிச்சை ஆகியவற்றை வளர்த்து வாட்சாப் வழியாக விற்றுவரும் அவருக்கு, இந்த வாய்ப்பைப் பயன்படுத்திச் சமூகக் கல்லூரியில் தோட்டக்கலை படிக்க வேண்டும் என்ற ஆசை. லோரி ஓட்டுநரான கணவரோ, படிப்பு எதற்கு, அந்தப் பணத்தைப் போட்டு நண்பர் வைத்திருக்கும் சாலையோர நிலத்தில் நர்சரி திறந்துவிடலாம் என்கிறார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் மருந்தடித்து வாழ்ந்த அம்மா, “மண்ணை விட்டு வெளியே வர நாங்கள் பட்ட பாடு போதாதா?” என்று அழுகிறார். இந்த வயதில் இடம் கிடைக்குமா, அந்தச் சான்றிதழோடு நேராக புத்ரா பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க முடியுமா, நல்ல சம்பளம் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

“வேலையை விட்டால்தான் படிக்க முடியும், படிக்க வேண்டுமானால் இந்தப் பணத்தை வாங்கியே ஆக வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். விருப்ப விலகலுக்கு மூன்று வாரக் கெடு இருக்கிறது. கல்லூரிக்கு அப்படி ஒரு கெடு இல்லை, அடுத்த சேர்க்கையும் அதற்கடுத்த சேர்க்கையும் வரும். எனவே இந்த மூன்று வாரத்தில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது நிறுவனத்தின் கடிதத்தைப் பற்றி மட்டுமே. படிப்பைப் பற்றிய முடிவை அதன் நெருக்கடியில் எடுக்காதீர்கள்.

கையெழுத்திடும் முன்

விருப்ப விலகலை ஏற்கும்படி எந்த நிறுவனமும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதை மறுத்தால் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. மறுத்தபின் ஆள்குறைப்பு வந்தால், 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம் குறைந்தபட்ச உரிமை. உங்கள் 15 ஆண்டுக்கு அது ஏறக்குறைய 22,700 வெள்ளி வரும். அதோடு எட்டு வார முன்னறிவிப்பும் தர வேண்டும். அதே தரத்து வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களை நிறுத்தாமல் உள்நாட்டவரை நிறுத்தக்கூடாது என்றும் வேலைச் சட்டம் சொல்கிறது. ஆக, நிறுவனம் தர முன்வந்திருக்கும் தொகை சட்டத்தின் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதல்தான். அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டியதில்லை.

“நானாகக் கையெழுத்துப் போட்டு விலகுவதால் சொக்சோவில் எதுவும் கிடைக்காது” என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. சாதாரணமாக ராஜினாமா செய்தவருக்குத்தான் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டத்தில் இடமில்லை. நிறுவனம் அறிவித்த விருப்ப விலகல் வேலை இழப்பாகவே கருதப்படுகிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு முதல் மாதம் 80 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 1,800 வெள்ளி. இரண்டாம் மாதம் சம்பளத்தில் பாதி. அடுத்த இரு மாதங்கள் 40 விழுக்காடு. கடைசி இரு மாதங்கள் 30 விழுக்காடு. ஆறு மாதத்துக்கும் சேர்த்தால் 6,000 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். ஆனால் அந்த உதவித்தொகை வேலை தேடுபவருக்கானது. தேடிக்கொண்டிருப்பதை நீங்கள் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுநேர மாணவியாகச் சேர்ந்துவிட்டால் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கடினம் என்பதால், இந்தத் தொகையைப் படிப்புச் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கணக்கில் நான் கண்ட பெரிய ஓட்டை இனிதான். வீட்டுக் கடனில் பாதியும் பிள்ளைகளின் செலவும் உங்கள் சம்பளத்திலிருந்து போவதாகவும், அது மாதம் 1,500 வெள்ளி ஆவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படிப்பு நீளும் 24 மாதமும் சம்பளம் இல்லாமல் அந்தப் பங்கைக் கொடுத்தால் 36,000 வெள்ளி. விலகல் தொகை முழுவதும் அதற்கே போதாது. படிப்பும் நர்சரியும் ஒரே பணத்தில் நடக்கும் என்று நீங்களும் கணவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சமூகக் கல்லூரி தருவதும் தராததும்

கோலேஜ் கொமுனிட்டி என்று நாம் அறிந்த சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கப்பட்டவை. உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகாதவர்கள் கைத்தொழில் அறிவோடு வேலைக்குப் போகவும், வேலையில் இருப்பவர்கள் மீண்டும் வந்து படிக்கவும் இடம் தருவது அவற்றின் நோக்கம். எனவே 37 வயதில் அந்த வாசலுக்குப் போவதற்கு நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. எஸ்.பி.எம். தேர்ச்சி உங்களிடம் இருக்கிறது. அது போதாமல் போனாலும், அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் ‘ஏபெல்’ என்ற வழி நம் நாட்டில் உண்டு. அது சான்றிதழ் நிலைக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, பட்டத்துக்கு 21 என்று குறைந்தபட்ச வயதைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் நிபந்தனைகள் புதிதாக அறிவிக்கப்படுவதால், அரசு உயர்கல்விச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. இணையத்தளத்தில் அந்தச் சேர்க்கைக்கான அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமூகக் கல்லூரிச் சான்றிதழ் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாம் நிலை. டிப்ளோமா நான்காம் நிலை. இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை அறிவியல் பட்டம் இருப்பது உண்மை, ஆனால் சான்றிதழோடு நேராக அங்கே போக முடியாது. இடையில் டிப்ளோமா வேண்டும். பட்டம்தான் உங்கள் இலக்கு என்றால் அது பல ஆண்டுப் பயணம். கடிதத்தை மறுபடி படித்தபோது, உங்களுக்கு வேண்டியது பட்டம் அல்ல, நம்பிக்கையோடு தொழில் செய்யத் தேவையான அறிவு என்றே எனக்குப் பட்டது.

இன்னொன்று, எல்லாச் சமூகக் கல்லூரியிலும் எல்லாப் படிப்பும் இருப்பதில்லை. பினாங்கில் கெப்பாலா பத்தாஸ், பாயான் பாரு, நிபோங் தெபால் போன்ற இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில துறைகளை மட்டுமே நடத்துகிறது. தோட்டக்கலைக்கான இடம் வேறு மாநிலத்தில் கிடைத்தால், படிவம் ஒன்றில் படிக்கும் மகளையும் மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனையும் விட்டுவிட்டுப் போய்த் தங்க முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது, அரசு மானியம் பெறும் கல்விதான். பாரமாவது சாப்பாடும் போக்குவரத்தும் சம்பளமில்லா மாதங்களும்.

முழுநேரச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். இதே கல்லூரிகள் பொதுமக்களுக்காகச் சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை நீளும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன. வேலையில் இருந்துகொண்டே ஓய்வு நாளில் போகலாம். அது முழுச் சான்றிதழுக்கு ஈடாகாது; ஆனால் வெயிலில் நின்று செய்யும் வேலை உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா, மலாய்மொழியில் நடக்கும் பாடம் பிடிபடுமா என்பதை வேலையை விடாமலேயே தெரிந்துகொள்ளலாம். இதில் உள்ள அனுகூலத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

சம்பளத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். நர்சரியிலும் நிலவனப்புக் குத்தகையிலும் மண் சுமக்கும் வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்வதால், தொடக்கச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளியை ஒட்டியே இருக்கக்கூடும். அது இப்போது நீங்கள் வாங்குவதைவிடக் குறைவு. சான்றிதழ் பெற்றவருக்கு மதிப்பு கூடுவது, ஆள்களை மேற்பார்வை செய்யவும், நீர்ப்பாசனத்தைத் திட்டமிடவும், நோயை அடையாளம் காணவும், கணக்கு எழுதவும் தெரியும்போதுதான். பத்து இருபது பேரை வைத்து உற்பத்தி வரிசையை நடத்திய உங்களுக்கு அந்த மேற்பார்வைத் திறன் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் தந்தது. விண்ணப்பத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

கைப்பழக்கத்துக்கு அப்பால்

“எனக்குத்தான் செடி நன்றாக வருகிறதே, கல்லூரியில் புதிதாக என்ன சொல்லித் தருவார்கள் என்று கணவர் கேட்கிறார்” என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே, தொட்டி எலுமிச்சைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகச் செத்துப்போனதையும், உரம் போட்டும் தேறவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். கணவரின் கேள்விக்கு விடை அந்தத் தொட்டிகளில் இருக்கிறது.

சத்துக் குறைவால் இலை மஞ்சளாகும்போது, நடு நரம்பின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுக்கும். எலுமிச்சை இனத்தைப் பாதிக்கும் பசுமையாதல் நோயில், மஞ்சள் திட்டுகள் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் தாறுமாறாகத் தோன்றும். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. எத்தனை மூட்டை உரம் போட்டாலும் மரம் மீளாது. அதைச் செடிக்குச் செடி பரப்புவது சைலிட் எனப்படும் மிகச் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி. அந்தப் பூச்சி விரும்பி வாழும் செடிகளில் ஒன்று கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்குப் பெரிய தீங்கு நேராததால் அது பசுமையாகவே நிற்கும்; தளிரில் பூச்சி பெருகி, பக்கத்துத் தொட்டியிலுள்ள எலுமிச்சைக்குப் போகும். உங்கள் எலுமிச்சைகள் செத்தது இதனால்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் இரண்டையும் அருகருகே வைத்து விற்கிறீர்கள் என்பதும், சீனப் புத்தாண்டு நேரத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு தொட்டி எலுமிச்சை வாங்குகிறார்கள் என்பதும் கவலைக்குரியவை. வாடிக்கையாளரின் வீட்டுக்கு நோயை அனுப்பிவிட்டு அவருடைய நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. இப்போதைக்கு இரண்டு வகையையும் தள்ளி வையுங்கள். மஞ்சளான இலைகளை விவசாய இலாகாவின் வட்டார அலுவலகத்தில் காட்டுங்கள். முடிவு தெரியும்வரை எலுமிச்சை விற்பதை நிறுத்துங்கள்.

பதியம் போடுவதும் ஒட்டுக் கட்டுவதும் உங்கள் கைக்குப் பழக்கமானவை. உங்கள் தாத்தா தோட்டத்தில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள். நம் குடும்பங்களில் அந்த அறிவு இருந்ததை நாம் போதுமான அளவு மதித்ததில்லை. மண்ணின் புளிப்புத்தன்மையை அளப்பதும், தேங்காய் நார்த்தூள் கலவையில் வேர் அழுகாமல் நீர் வடியச் செய்வதும், எந்தக் கொப்பை எப்போது கவாத்து செய்தால் மல்லிகை புதுத் துளிரில் பூக்கும் என்பதும் அந்த அறிவின் தொடர்ச்சிதான். கல்லூரி அதற்குக் காரணம் சொல்லித் தரும். காரணம் தெரிந்தவர் புதிய சிக்கல் வந்தாலும் தடுமாறமாட்டார்.

அம்மாவின் கண்ணீர்

உங்கள் அம்மா சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருந்தடித்த பெண்களின் நகம் உதிர்ந்ததும் மூக்கில் இரத்தம் வடிந்ததும் நம் தோட்டப்புற வரலாற்றில் நடந்த உண்மை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோலில் உள்ள காயத்தின் வழியாகவே உடலுக்குள் போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துத் தோம்பைச் சுமந்தவர்களுள் உங்கள் அம்மாவும் ஒருவர். தோம்பில் என்ன இருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, கையுறையும் தரவில்லை. மண் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அறியும் உரிமையை மறுத்தவர்கள்தாம் தீங்கு செய்தார்கள்.

தோட்டக்கலை வகுப்பில் நீங்கள் கற்க வேண்டிய முக்கியமான பாடங்களில் ஒன்று மருந்துப் புட்டியின் சீட்டைப் படிப்பது. நம் நாட்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி நச்சுத்தன்மைக்கு ஏற்பச் சீட்டில் நிறப் பட்டை இருக்கும்: கறுப்பு மிகக் கொடியது, பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. எதை எவ்வளவு கலப்பது, என்ன உடுத்துவது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கறிவேப்பிலையும் வெற்றிலையும் நேராக வாய்க்குப் போகிறவை. அவற்றை விற்கும் உங்களுக்கு இது படிப்புக்கு முன்பே வேண்டிய அறிவு. இதை அம்மாவிடம் வாதமாக வைக்காமல், அவர் அனுபவித்ததைக் கேட்டபின், பொறுமையாகச் சொல்லுங்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு அவரை அழைத்துப் போகும் நாளில், பக்கத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் கூட்டிப்போங்கள். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. கங்காணியின் அதட்டல் இல்லாமல், செடிகளைப் பெயர் சொல்லி வளர்க்கும் வேலையும் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் நேரில் பார்க்கட்டும்.

சாலையோர நிலம்

கணவரின் யோசனையில் அக்கறை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நண்பர் நிலத்தை “கவர்மெண்ட் லைசென்சில்” வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமமாக (டி.ஓ.எல்.) இருந்தால், ஆண்டு முடிவோடு காலாவதியாகி, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க நிலச் சட்டம் இடம் தருவதில்லை. அதன் பேரில் நண்பர் உங்களிடம் வாடகை வாங்குவதும் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், நீங்கள் போட்ட வலைக் கூரையும் தண்ணீர்க் குழாயும் போனதுதான். சொந்தப் பட்டா உள்ள நிலம் கிடைத்தால் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்து, உரிமையாளர் யார், நிலம் விவசாய வகையா என்பதைப் பார்த்தபின், எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு காசும் போடாதீர்கள்.

வீட்டில் நடக்கும் இப்போதைய விற்பனையையும் ஒழுங்குபடுத்துங்கள். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசுப் புழு இருந்தால் அபராதம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். நிறுவனத்தின் பதில்கள் தெளிவாக இருந்தால் விலகல் தொகையை ஏற்பது நியாயமான முடிவு, ஏனெனில் மறுத்தபின் ஆள்குறைப்பு வந்தால் கிடைப்பது குறைவு. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வீட்டுச் செலவில் உங்கள் பங்குக்கு மட்டும் மாதந்தோறும் எடுங்கள்; ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் உள்ளதைத் தொடாதீர்கள். முதல் மாதங்களில் குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் போய்க்கொண்டே வேலையும் தேடுங்கள். மனமும் உடம்பும் ஒத்துவந்து, போய்வரும் தூரத்தில் இடமும் கிடைத்தால் முழுநேரப் படிப்பில் சேருங்கள். தொழிற்பயிற்சிக்கு நன்றாக நடக்கும் ஒரு நர்சரியைக் கேட்டு வாங்குங்கள். அங்கே எத்தனை கன்று சாகிறது, எது எந்த மாதத்தில் விற்கிறது என்பதைப் பார்த்தபின் கணவரோடு உட்கார்ந்து நர்சரியைப் பற்றிப் பேசினால், அவர் யோசனைக்கும் உயிர் வரும். நர்சரி தள்ளிப்போகிறது, கைவிடப்படவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, மூன்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: 34,500 வெள்ளி எந்தத் தேதியில் கைக்கு வரும், ஒரே முதலாளியிடம் முழுமையாக நிறைவேற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரை கிடைக்கும் வருமான வரி விலக்கு இந்தத் தொகைக்குப் பொருந்துமா, குடும்பத்தின் மருத்துவக் காப்புறுதி எந்த நாளோடு முடிகிறது. வேலை விலகல் கடிதத்தில் “ராஜினாமா” என்று எழுதப்பட்டிருந்தால் கையெழுத்திடாதீர்கள். விருப்ப விலகல் திட்டத்தின் கீழ் வேலை முடிவுக்கு வந்தது என்று தெளிவாக இருக்க வேண்டும். சொக்சோவில் விண்ணப்பிக்கும்போது அந்தக் கடிதம் தேவைப்படும் என்பதால், முத்திரையும் தேதியும் உள்ள நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.